ஊரின் பெயர் உண்டு, ஊராருக்கு வாக்கு இல்லை: 2009 குர்திஸ்தான் அரசமைப்பு வரைவு

2009 ஜூன் 24 அன்று, ஈராக்கின் வடக்கில் குர்துகளின் தன்னாட்சிப் பகுதியான குர்திஸ்தான் வட்டாரத்தின் நாடாளுமன்றம், அதன் தலைநகர் எர்பிலில் கூடி, தன் வட்டாரத்துக்கென ஓர் அரசமைப்புச் சட்ட வரைவை நிறைவேற்றியது. மொத்த இடங்கள் 111. அன்று அவைக்கு வந்தவர்கள் 97 பேர், ஆதரித்தவர்கள் 96 பேர். வரைவை ஜூலை 25 அன்று, வட்டாரத் தலைவர் தேர்தலோடும் நாடாளுமன்றத் தேர்தலோடும் சேர்த்து, பொதுவாக்கெடுப்புக்கு விடுவதாகத் திட்டம். ஒரே நாளில் ஒரே வாக்குச்சாவடியில் மூன்று சீட்டு.

ஆறே நாளில், ஜூன் 30 அன்று, அமெரிக்கப் படைகள் ஈராக்கின் நகரங்களை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அரபுப் படைவீரரும் குர்துப் படைவீரரும் முகத்துக்கு முகம் நின்ற இடங்களில் நடுவே நின்றவர்கள் விலகும் நேரம் அது. அந்த நேரத்தில் கிர்குக்கையும் நினவே, தியாலா மாகாணங்களின் பல மாவட்டங்களையும் பெயர் சொல்லித் தன்னுடையதாக எழுதிய ஒரு சட்டம் வந்தது. பாக்தாத் கொதித்தது. வாக்கெடுப்பு தள்ளிப்போனது. அந்த வரைவு இன்றுவரை மக்கள் வாக்குக்கு வரவில்லை.

வழக்கமாக இதை "குர்துகள் நிலம் கேட்டார்கள், அரபுகள் மறுத்தார்கள்" என்று சுருக்கிவிடுகிறார்கள். நிலக்கோரிக்கை புதிதல்ல, 2002-ல் இரு பெரிய குர்துக் கட்சிகளும் ஒப்புக்கொண்ட வரைவு கிர்குக்கைத் தலைநகராகவே சொன்னது. 2009-ல் முறிந்தது வேறு. ஒரு நிலம் யாருக்கு என்று அந்த நிலத்து மக்களைக் கேட்கும் வழி ஏற்கெனவே ஈராக் அரசமைப்பில் இருந்தது. அந்த வழி அடைபட்டதும், மக்களைக் கேட்காமலேயே விடையை எழுதும் வழி பிடிக்கப்பட்டது. இந்த ஆய்வு அந்த ஒரு புள்ளியைத்தான் பின்தொடர்கிறது.

இரண்டாம் பிரிவைச் சொல் சொல்லாக

வரைவில் 122 பிரிவுகள். சண்டை பெரும்பாலும் இரண்டாம் பிரிவில்.

அதன் முதல் உட்பிரிவு குர்திஸ்தானைப் புவியியல், வரலாறு சார்ந்த ஓர் அலகு என்று சொல்லி, அதில் அடங்குவனவற்றை வரிசையிடுகிறது: இன்றுள்ள எல்லைகளோடு தொஹுக் மாகாணம், கிர்குக், சுலைமானியா, எர்பில் மாகாணங்கள், நினவேயிலிருந்து அக்ரே, ஷேக்கான், சிஞ்சார், தல்கெய்ஃப், கரகோஷ் மாவட்டங்களும் சும்மார், பஷீகா, அஸ்கி கலக் வட்டங்களும், தியாலாவிலிருந்து கானகின், மந்தலி. எல்லை எது? 1968-க்கு, அதாவது பாத் கட்சி ஆட்சிக்கு வருவதற்கு, முந்தைய நிர்வாக எல்லை.

இதில் இரண்டு இடங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தொஹுக்குக்கு மட்டும் "இன்றுள்ள எல்லை", மற்றவற்றுக்கு "1968-க்கு முந்தையது" என்று ஏன்? தொஹுக் மாகாணமே 1969-ல்தான் மோசூலிலிருந்து பிரிந்து உருவானது. 1968-க்கு முன் என்று எழுதினால் அந்த மாகாணம் இல்லாமலே போகும். அடுத்தது, குர்துகள் எப்போதும் கேட்டுவந்த தூஸ் குர்மாத்தூ, கிஃப்ரி ஆகிய பெயர்கள் பட்டியலில் ஏன் இல்லை? அவை 1968-க்கு முந்தைய கிர்குக் மாகாணத்துக்குள்ளேயே இருந்தவை. 1976-ல் பாத் கட்சி அரசு கிர்குக்கை உடைத்துத் தூஸை சலாவுத்தீனுக்கும், கிஃப்ரியைத் தியாலாவுக்கும், சம்சமால், கலார் இரண்டையும் சுலைமானியாவுக்கும் கொடுத்து, எஞ்சியதற்கு "தஃமீம்" என்று புதுப் பெயர் சூட்டியது. தஃமீம் என்றால் நாட்டுடைமையாக்கம். எண்ணெயை நாட்டுடைமையாக்கியதன் நினைவாக வைத்த பெயர். ஆக "1968-க்கு முந்தைய" என்ற ஒரே சொற்றொடர் அந்த உடைப்பை முழுசாகத் திருப்பிவிடுகிறது. வரைந்தவர்கள் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாம் உட்பிரிவு, வட்டாரத்தின் அரசியல் எல்லை கூட்டாட்சி அரசமைப்பின் 140-ஆம் பிரிவை, அதாவது அந்தந்த ஊர் மக்களைக் கேட்கும் வழியை, நிறைவேற்றித் தீர்மானிக்கப்படும் என்கிறது. குர்துத் தலைவர்கள் இதைக் காட்டித்தான் "நாங்கள் எதையும் பறிக்கவில்லையே" என்று வாதிட்டார்கள். வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முதல் உட்பிரிவு உரிமையை நிகழ்காலத்தில் சொல்கிறது, இரண்டாவது நடைமுறையை எதிர்காலத்துக்கு விடுகிறது. 140-ன் முடிவு பாதகமாக வந்தால் முதல் உட்பிரிவு என்ன ஆகும் என்பதற்கு வரைவில் பதில் இல்லை. பாக்தாத்தில் இருந்தவர்கள் முதல் வரியைப் படித்தார்கள், எர்பிலில் இருந்தவர்கள் இரண்டாம் வரியைக் காட்டினார்கள். மூன்றாவது உட்பிரிவோ அந்த எல்லைக்குள் வேறு புது வட்டாரம் உருவாகக்கூடாது என்றது. நினவே சமவெளியில் தங்களுக்கென ஒரு தன்னாட்சிப் பகுதி கேட்டுக்கொண்டிருந்த கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கதவு அங்கேயே மூடிவிட்டது.

இதோடு வேறு பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால்தான் பாக்தாத்தின் அச்சம் விளங்கும். கூட்டாட்சிப் படைகள் வட்டாரத்துக்குள் நுழைய வட்டாரத் தலைவரின் அனுமதியும் நாடாளுமன்ற ஒப்புதலும் வேண்டும் என்றது வரைவு. குர்துகள் ஈராக்கில் இருப்பது, ஈராக் கூட்டாட்சியாகவும் மக்களாட்சியாகவும் இருக்கும்வரை என்றும் ஒரு பிரிவு சொன்னது. அந்த நாளில் கிர்குக்கில் ஈராக் இராணுவத்தின் 12-ஆம் டிவிஷன் நிலைகொண்டிருந்தது. கிர்குக் குர்திஸ்தானில் என்றால், அந்த டிவிஷன் யாருடைய அனுமதியோடு அங்கே இருக்கிறது? நிலத்தைப் பற்றிய வரி படையைப் பற்றிய கேள்வியாக மாறியது இப்படித்தான்.

யாருக்கு வாக்குச்சீட்டு?

வட்டார அரசமைப்பு எழுதும் உரிமை குர்திஸ்தானுக்கு உண்டு. 2005 ஈராக் அரசமைப்பின் 120-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. கூட்டாட்சி அரசமைப்புக்கு முரணாக இருக்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. முரண்பட்டால் அந்தப் பகுதி செல்லாது என்கிறது 13-ஆம் பிரிவு. எனவே எழுதியது தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

தவறு நடைமுறையில் மூன்று இடங்களில் விழுந்தது. முதலாவது, நிறைவேற்றிய அவையின் பதவிக்காலம் ஜூன் 4 அன்றே முடிந்திருந்தது. தேர்தலுக்கு ஒரு மாதமே இருக்கையில், காலம் முடிந்த அவை தலைமுறைகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியதை நவ்ஷிர்வான் முஸ்தபாவின் கோரான் இயக்கம் உட்பட உள்ளூர் எதிர்ப்பாளர்களே கண்டித்தார்கள். வட்டாரத் தலைவருக்குக் குவித்த அதிகாரங்களும் அவர்களுக்கு ஒப்பவில்லை. இரண்டாவது கால அவகாசம். வரைவு நிறைவேறிய நாளுக்கும் வாக்கெடுப்பு நாளுக்கும் இடையே 31 நாள். 122 பிரிவுகளை அச்சிட்டு, பரப்பி, விவாதித்து, சீட்டும் அடிக்க அது போதாது. தேர்தல் நாளிலேயே வாக்கெடுப்பையும் நடத்த இயலாது என்று ஈராக் தேர்தல் ஆணையம் கைவிரித்தது.

மூன்றாவதுதான் அடிப்படையான கோளாறு. வாக்கெடுப்பு எர்பில், சுலைமானியா, தொஹுக் என்ற மூன்று மாகாணங்களில் நடக்க இருந்தது. வட்டார அரசின் வாக்குப்பெட்டி செல்லும் எல்லை அவ்வளவுதான். இரண்டாம் பிரிவில் பெயர் இருந்த கிர்குக் நகரத்தவர், சிஞ்சாரின் யாசிதி, கரகோஷின் கிறிஸ்தவர், பஷீகாவின் ஷபக், மந்தலியின் துருக்மேன் எவருக்கும் அந்தச் சீட்டு கிடையாது. எந்த நிலம் என்பதை நிலத்துக்கு வெளியே இருப்பவர்கள் வாக்களித்து முடிவு செய்வார்கள். நாடாளுமன்றத்தில் எத்தனை பேர் ஆதரித்தாலும் இந்த ஓட்டை அடைபடாது.

குர்துகளின் குறை பொய்யல்ல, அதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். கிர்குக்கிலிருந்தும் கானகினிலிருந்தும் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் துரத்தப்பட்டன. அவர்கள் வீடுகளில் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட அரபுக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. 1988-ல் சதாம் உசேன் அரசு குர்துகள்மேல் நடத்திய அன்ஃபால் நடவடிக்கையில் கிராமங்கள் மண்ணோடு மண்ணாயின. துரத்தப்பட்டவர் திரும்பிவர வேண்டும் என்பது நியாயம். அந்த நியாயத்துக்கு ஏற்ற கருவி இந்தப் பிரிவு அல்ல. பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்க வேண்டிய ஒன்றை அரசமைப்பில் பொறித்துவிட்டால், பிறகு விட்டுக்கொடுக்கும் தலைவர் அரசமைப்பை மீறியவர் ஆகிறார். எதிராளியின் கையைக் கட்டுவதாக நினைத்துத் தன் கையையே கட்டிக்கொள்வது அது. முதல் உட்பிரிவை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதியிருந்தால் கோரிக்கையில் ஒரு அங்குலமும் குறைந்திருக்காது.

140: மூன்று படி, ஒரு தேதி

ஏன் அவசரப்பட்டார்கள்? 140-ஆம் பிரிவு நின்றுபோனதால்.

அதன் வேர் 2004 இடைக்கால நிர்வாகச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு. 2005 அக்டோபர் 15 அன்று மக்கள் ஏற்ற நிரந்தர அரசமைப்பு அதை 140-க்குள் எடுத்துக்கொண்டது. முதலில் "இயல்புநிலைக்குத் திருப்புதல்"; அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு; கடைசியில் கிர்குக்கிலும் மற்ற சர்ச்சைக்குரிய பகுதிகளிலும் வாக்கெடுப்பு. எல்லாம் 2007 டிசம்பர் 31-க்குள். இந்தக் கட்டுமானத்தில், மேலே சொன்ன ஓட்டைக்கு மாறாக, அந்தந்த ஊர்க்காரரே வாக்களிப்பார்கள்.

முதல் படியில் பணம் நிர்ணயிக்கப்பட்டது. தெற்குக்குத் திரும்பிச் செல்ல விரும்பும் அரபுக் குடும்பத்துக்கு 20 மில்லியன் தினாரும் சொந்த ஊரில் ஒரு வீட்டுமனையும். திரும்பிவரும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு 10 மில்லியன் தினாரும் மனையும். விருப்பம் இருந்தால் மட்டும். ஆனால் 140-ஐ நிறைவேற்ற அமைத்த குழுவின் தலைவரான நீதி அமைச்சர் ஹாஷிம் அல்-ஷிப்லி 2007 வசந்தத்தில் பதவி விலக, அறிவியல் அமைச்சர் ராயித் ஃபஹ்மி பொறுப்பேற்க ஆகஸ்ட் ஆகிவிட்டது. கெடு ஆண்டில் போன மாதங்கள் போனவைதான்.

1976-ல் மாற்றிய எல்லைகளைத் திருத்துவதும் முதல் படியின் பகுதி. குடியரசுத் தலைமைக் குழு ஒருமனதாகப் பரிந்துரைக்க வேண்டும். முடியாவிட்டால் நடுவரை நியமிக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் ஐ.நா. பொதுச் செயலாளரைக் கேட்க வேண்டும். ஒரு படியும் ஏறப்படவில்லை. இன்னும் மோசமானது ஒன்று: "மற்ற சர்ச்சைக்குரிய பகுதிகள்" எவை என்று 140 எங்குமே பட்டியலிடவில்லை. எந்தெந்த ஊரில் வாக்கெடுப்பு என்பதே தெரியாத வாக்கெடுப்பு.

கணக்கெடுப்புக்குப் பின்னால் இருந்த அச்சம் எண்ணிக்கை பற்றியது. எல்லாரும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது 1957 கணக்கு. அதில் கிர்குக் மாகாணத்தில் தாய்மொழி குர்தி என்றவர் சுமார் 48 விழுக்காடு, அரபு 28, துருக்மேன் 21. நகரத்தில் மட்டும் பார்த்தால் வரிசை மாறுகிறது: துருக்மேன் சுமார் 38, குர்து 33, அரபு 22. ஒரே கணக்கை வைத்துக் குர்துகள் மாகாணத்தையும் துருக்மேன்கள் நகரத்தையும் தங்களுடையது என்று வாதாட முடியும், வாதாடினார்கள்.

2007 முடிந்தது, எதுவும் நடக்கவில்லை. ஐ.நா. பிரதிநிதி ஸ்டஃபான் டி மிஸ்துரா ஆறு மாத நீட்டிப்புக்கு ஏற்பாடு செய்தார், அதுவும் கழிந்தது. 140 காலாவதியாகிவிட்டது என்றது அரபு, துருக்மேன் தரப்பு. நிறைவேறும்வரை உயிரோடுதான் இருக்கிறது என்றது குர்துத் தரப்பு. (2019 ஜூலையில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் குர்துத் தரப்பு சொன்னதே சரி என்று விளக்கம் தந்தது. பன்னிரண்டு ஆண்டு தாமதமான பதில்.)

கோட்டின் இருபுறமும்

காகிதத்தில் ஒன்று, தரையில் ஒன்று. அக்ரே காகிதத்தில் நினவே மாகாணம். 1991 முதல் நிர்வாகம் தொஹுக்கிலிருந்து. 2003-ல் குர்துகளின் பெஷ்மெர்கா படைகள், அதுவரை குர்துப் பகுதியின் எல்லையாக இருந்த பசுமைக் கோட்டைத் தாண்டித் தெற்கே வந்ததும் இப்படிப்பட்ட ஊர்கள் பெருகின. படைத்துறையினர் அந்தப் புது விளிம்பை "விசைக் கோடு" என்று அழைத்தார்கள், துப்பாக்கி விசையில் இருபுறமும் விரல் இருந்ததால்.

2008 ஆகஸ்டில் ஈராக் இராணுவம் தியாலாவில் நுழைந்து பெஷ்மெர்கா படைப்பிரிவை வெளியேறச் சொன்னது. கானகினில் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. இருவரும் ஊரை விட்டு விலகி, காவல்துறை மட்டும் இருக்கும் என்ற ஏற்பாட்டில்தான் அது தணிந்தது. செப்டம்பரில் வந்த மாகாணத் தேர்தல் சட்டம் தன் 23-ஆம் பிரிவில் கிர்குக்கை மட்டும் விலக்கி, தீர்வு காண ஏழு பேர் குழு அமைத்தது. 2009 மார்ச் கெடுவுக்குள் குழுவால் எதையும் எட்ட முடியவில்லை. அதாவது கிர்குக் மக்கள் உள்ளூர் வாக்கையும் இழந்தார்கள்.

நினவேயில் 2009 ஜனவரி 31 தேர்தலில் அரபுகளின் அல்-ஹத்பா தேர்தல் அணி 37-ல் 19 இடம் பிடித்து ஆட்சிப் பொறுப்பு முழுவதையும் தானே எடுத்துக்கொண்டது. 12 இடம் பெற்ற குர்து அணி மன்றத்தைப் புறக்கணித்தது. மே மாதம் புது ஆளுநர் அதீல் அல்-நுஜைஃபி தன் மாகாணத்தைச் சேர்ந்த பஷீகாவுக்குப் போனபோது பெஷ்மெர்கா அவரை உள்ளே விடவில்லை. ஏழு வாரம் கழித்து அதே பஷீகாவின் பெயர் எர்பில் நிறைவேற்றிய வரைவில் வந்தது. நினவே மாகாணத்தவர் அதை வெறும் சட்டச் சொல்லாகப் படிக்காததில் வியப்பில்லை.

நடுவில் நின்றவர்கள்

ஐ.நா. குழு மாவட்டம் மாவட்டமாக ஆய்ந்து, 2009 ஏப்ரல் 22 அன்று பிரதமர் நூரி அல்-மாலிகி, குடியரசுத் தலைவர் ஜலால் தாலபானி, வட்டாரத் தலைவர் மசூத் பார்சானி ஆகியோர் கையில் அறிக்கையைக் கொடுத்தது. 15 மாவட்டங்கள்; கிர்குக்குக்கு நான்கு மாற்று வழிகள். நான்கிலும் கிர்குக் பிரிக்கப்படாத ஒரே அலகு. முதலில் தலைவர்களின் உடன்பாடு, பிறகு அதை உறுதிசெய்யும் மக்கள் வாக்கு. 140-ன் "வென்றவருக்கே எல்லாம்" வாக்கெடுப்பை இது தலைகீழாகத் திருப்பியது. நல்ல திருப்பம் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை, அதற்குத் தெருவில் ஆதரவு திரட்ட ஆளும் இல்லை. இரண்டு மாதத்தில் எர்பில் தன் வரைவை நிறைவேற்றியதும், மேசையில் இருந்த நான்கு வழிகளுக்கு மேல் ஐந்தாவதாக ஒரு முடிந்த முடிவு வந்து உட்கார்ந்தது.

பாக்தாத் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். ஜூலைத் தொடக்கத்தில் ஈராக் வந்திருந்த அமெரிக்கத் துணைத் தலைவர் ஜோ பைடன் பார்சானியோடு தொலைபேசியில் பேசினார். வாக்கெடுப்பைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதில் அமெரிக்கா, ஐ.நா. இரண்டும் ஒரே குரல். தேர்தல் ஆணையம் சொன்ன நடைமுறைக் காரணம் எல்லாருக்கும் வசதியான ஏணியாக அமைந்தது; எர்பில் மானம் கெடாமல் இறங்கிவந்தது. ஜூலை 25 தேர்தல் மட்டும் நடந்தது. பார்சானி ஏறத்தாழ 70 விழுக்காடு பெற்றார்; கோரான் 25 இடம் பிடித்தது.

ஆகஸ்ட் 2 அன்று மாலிகி குர்திஸ்தானின் தொகானுக்கு வந்து பார்சானியைச் சந்தித்தார். பல மாதப் பேச்சின்மை அங்கே உடைந்தது. அமெரிக்கத் தளபதி ரே ஒடியர்னோ முன்வைத்த கூட்டுக்காவல் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது: ஒரே சோதனைச் சாவடியில் ஈராக் படைவீரர், பெஷ்மெர்கா, காவலர், கூடவே அமெரிக்கர். யார் நிலம் என்ற கேள்வியைத் தொடாமல், யார் எங்கே நிற்பது என்பதை மட்டும் தீர்த்த ஏற்பாடு. அதனால்தான் வேலை செய்தது. அதனால்தான் 2011 இறுதியில் அமெரிக்கர் போனதும் உதிர்ந்தது. 2012 நவம்பரில் தூஸ் குர்மாத்தூவில் துப்பாக்கிகள் வெடித்தன.

பிறகு

2014 ஜூனில் ஐ.எஸ். முன்னால் 12-ஆம் டிவிஷன் கலைந்தோட, கிர்குக் பெஷ்மெர்கா கையில் வந்தது. 140 முடிந்துவிட்டது என்று பார்சானி அறிவித்தார். ஆகஸ்ட் 3 அன்று சிஞ்சாரில் பெஷ்மெர்கா பின்வாங்க, யாசிதி மக்கள் இனப்படுகொலைக்கு ஆளானார்கள்; சில நாளில் கரகோஷ் காலியானது. இரண்டாம் பிரிவில் பெயர் பெற்ற மாவட்டங்கள் இவை. இரு அரசுகளும் உரிமை கோரிய ஊர்களை அந்த வாரம் எந்த அரசும் காக்கவில்லை.

2017 செப்டம்பர் 25 விடுதலை வாக்கெடுப்பில் சர்ச்சைக்குரிய பகுதிகளிலும் பெட்டி வைத்தது எர்பில். 92.7 விழுக்காடு ஆம். மூன்று வாரத்தில், அக்டோபர் 16 அன்று, ஈராக் படை கிர்குக்கை எடுத்துக்கொண்டது. அங்கே மாகாண மன்றத் தேர்தல் 2005-க்குப் பிறகு 2023 டிசம்பர் 18 அன்றுதான் நடந்தது. ஆளுநரைத் தேர்ந்தெடுக்க மேலும் எட்டு மாதம். அந்தக் கூட்டம் கூடியது கிர்குக்கில் அல்ல, பாக்தாத்தின் ரஷீத் ஹோட்டலில், 16 உறுப்பினரில் 9 பேரோடு.

140-ன் இரண்டாம் படியான கணக்கெடுப்பு 2024 நவம்பர் 20, 21 தேதிகளில் நாடு முழுவதும் நடந்தது. கிர்குக்கிலும் வீடு வீடாகப் போனார்கள். படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, இனத்துக்கு இல்லை.